மீளுழைப்பும் நிர்ப்பீடனமும்: புத்தளக் கரையோர வரலாற்றின் வழி ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் வடக்கே வில்பத்துக் காட்டை அணைந்து நிற்கும் குதிரைமலை முனை தொடக்கம் தெற்கே மகா ஓயா வரை நீண்டு கிடப்பதாகும். கற்பிட்டிக் குடாநாடும், புத்தளக் கடனீரேரியும், உப்பளங்களும், தென்னந்தோப்புகளும், மீனவர் வாடிகளும் நிறைந்த இப்பகுதியிலே முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். இவர்கள் அனைவர்க்கும் பொதுவாய் அமைந்த விளையாட்டுகளுள் உதைபந்தாட்டம் ஒன்று. பந்து ஒன்றும் வெளி ஒன்றும் இருந்தாற் போதும் என்ற எளிமை, கடற்றொழிலாளர் குடியிருப்புகளிலே அது வேரூன்றுதற்குத் துணைபுரிந்தது எனலாம்.

இவ்வாட்டத்தைக் குறித்து மக்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுவதுண்டு. ஓடியாடும் பிள்ளையை நோய் அண்டாது என்பது ஒன்று. ஓடிக் களைத்த உடம்பிலே காய்ச்சல் எளிதில் ஏறும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றினும், விஞ்ஞானமும் ஏறக்குறைய 120 ஆண்டுகளாக இவ்விரண்டிற்குமிடையே ஊசலாடியே வந்துள்ளது. மீண்டும் மீண்டும் மேற்கொள்ளப்படும் கடுமையான உழைப்பு உடலின் நோயெதிர்ப்பை வளர்க்கின்றதா, குறைக்கின்றதா என்ற வினாவின் வரலாற்றைக் கரையோர மக்களின் வாழ்க்கை வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உழைப்பின் அளவு மட்டுமன்றி, ஓர் உழைப்புக்கும் அடுத்த உழைப்புக்கும் இடைப்பட்ட காலமும், அக்காலத்தில் உடல் பெறும் உணவும் உறக்கமும் பெரிதும் கவனிக்கத்தக்கவை என்பது இந்நோக்கிலே புலப்படும்.

காய்ச்சல் கற்பித்த பாடம்

நிர்ப்பீடனம் என்னும் சொல் பாடநூல்களில் இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதன் பொருளை இக்கரையோரம் மலேரியாக் காய்ச்சலின் வாயிலாக அறிந்திருந்தது. இலங்கையின் வறண்ட வலயத்திலே மலேரியா நிரந்தரமாகக் குடிகொண்டிருந்தது. அங்கு பிறந்த குழந்தை இளமையிலேயே பலமுறை காய்ச்சலுக்கு ஆளாகும். அவ்வாறு தாக்குண்டு பிழைத்தவரிடத்தே, நோயை முற்றாகத் தடுக்காவிடினும் அதன் கடுமையைத் தணிக்கவல்ல ஒருவகை எதிர்ப்பு உருவாகும். இவ்வெதிர்ப்புக்குக் கொடுத்த விலையைச் சிறுவரின் வீங்கிய மண்ணீரல் காட்டிற்று. ஓர் ஊரிலே எத்தனை பிள்ளைகளின் மண்ணீரல் பெருத்திருக்கின்றது என்று தொட்டறிந்து கணக்கிடுவதே, அவ்வூரின் மலேரியா நிலையை அளவிடும் முறையாகப் பல்லாண்டு காலம் மருத்துவராற் கையாளப்பட்டது.

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே அனோபிலிஸ் இன நுளம்பு பெருகிற்று. சிலாபத்தருகே கடலையடையும் தெதுறு ஓயாவின் வடிநிலமும், குருநாகல், கேகாலைப் பகுதிகளும் கொள்ளைநோயின் நடுக்களமாயின. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே, சுமார் 55 இலட்சம் மக்களைக் கொண்டிருந்த இந்நாட்டில் 15 இலட்சம் பேர்வரை நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர். காய்ச்சல் நிரந்தரமாக நிலவிய வறண்ட வலயத்தாரைக் காட்டிலும், அதனை நெடுங்காலம் அறியாதிருந்த இடைவலயத்தாரே பெரிதும் தாக்குண்டனர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. அவர்களிடத்தே பழைய எதிர்ப்பு இல்லை. அத்தோடு, பொருளாதார மந்தத்தாலும் விளைச்சல் குன்றியதாலும் வயிறு ஒட்டிய குடும்பங்களிலே சாவு மிகுதியாயிருந்தது. எனவே எதிர்ப்பாற்றல் முந்திய தொற்றுகளில் மட்டும் தங்கியதன்று. உணவிலும் தங்கியது என்பதனை அவ்வழிவு காட்டிற்று.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவ, 1963ஆம் ஆண்டிலே பதிவான நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. ஆயினும் கண்காணிப்புத் தளர்ந்தமையால் 1960களின் இறுதியிலே மலேரியா மீண்டெழுந்து, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பிறந்து வளர்ந்த தலைமுறை நோயை அறியாதது. ஆதலின் எதிர்ப்பும் அற்றது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிலே பதிவாகி, 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

தொற்றினால் வரும் இத்தகைய நிர்ப்பீடனமும், உழைப்பினால் ஏறி இறங்கும் உடலின் தற்காப்பு நிலையும் ஒன்றெனக் கொள்ளத்தக்கவை அல்ல. முன்னையது குறித்த ஒரு நோய்க்கு எதிராக ஆண்டுக்கணக்கிற் சேர்வது. பின்னையது மணிக்கணக்கில் மாறுவது. எனினும் காலத்தைக் கணக்கிற் கொள்ளாமல் இரண்டில் எதனையும் விளக்க இயலாது என்ற அளவில் இவை ஒப்புநோக்கத்தக்கவை.

மூழ்கியோரும் இழுத்தோரும்

மீண்டும் மீண்டும் உழைத்தல் என்பது இக்கடற்கரைக்கு உதைபந்தாட்டத்தோடு வந்ததன்று. புத்தளக் கரையின் வடபாகத்தை அடுத்துள்ள மன்னார் வளைகுடாவிலே நடைபெற்ற முத்துக்குளிப்பு இதற்குத் தக்க சான்றாகும். 1803ஆம் ஆண்டிலே வெளிவந்த நூலொன்றில் றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையலுவலர் இத்தொழிலை விரிவாக வருணித்துள்ளார். ஒரு தோணியிலே பத்துப் பேர் தண்டுவலிப்போர். பத்துப் பேர் மூழ்குவோர். மூழ்குவோருள் ஐவர் கல்லைப் பற்றிக் கடலடிக்குச் செல்லும்போது மற்றை ஐவர் மேலே இளைப்பாறுவர். அவர் ஏறியதும் இவர் இறங்குவர். ஒருவர் ஒருநாளிலே நாற்பது, ஐம்பது தடவை மூழ்குதலும் உண்டு. மேலே வருவோரின் மூக்கிலும் காதிலும் குருதி கசிதலையும் அந்நூல் குறிப்பிடுகின்றது. கொடிய தொழில்தான், ஆயினும் முறைவைத்து இளைப்பாறுதல் அத்தொழிலின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

மூழ்குவோரின் உடலிலே நிகழ்வது யாதென்பதைப் பிற்கால ஆய்வுகள் ஓரளவு விளக்கின. 1990ஆம் ஆண்டிலே கொரிய நாட்டு அமா என்னும் மூழ்குபெண்களிடத்தே நடத்தப்பட்ட ஆய்விலே, தொடர்ந்து மூழ்கியபின் மண்ணீரல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சுருங்குதல் கண்டறியப்பட்டது. மண்ணீரல் குருதிக் கலங்களின் களஞ்சியம். அது சுருங்கும்போது அங்கு தங்கியிருந்த கலங்கள் சுற்றோட்டத்திலே கலக்கின்றன. வேகமாக ஓடும்போதும் இது நிகழும். மலேரியா ஆய்வாளர் தொட்டளந்த அதே உறுப்பு, உழைப்பாளியின் உடலிலும் நிர்ப்பீடனத்தோடு தொடர்புடையதாய் நிற்றல் நோக்கற்பாலது.

சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பிலே கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள் பெயர்பெற்றவை. பலர் ஒன்றுகூடி வலையை இழுக்கும்போது, வலிப்பும் தளர்வும் ஒரு சீராய் அமைதற்கு அம்பா உதவிற்று. இத்தகைய மரபுகள் மருத்துவ நோக்கத்தோடு தோன்றியவை எனக் கூறுதற்கில்லை. ஆயினும் உழைப்புக்கு இடைவேளை வேண்டும் என்பதை அனுபவத்தால் உணர்ந்தோர் வகுத்த ஒழுங்குகள் இவை எனக் கொள்ளலாம்.

குருதியை எண்ணிய காலம்

உழைப்புக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வுகூடத்திலே முதன்முதல் ஆராய்ந்தோருள் அமெரிக்க மருத்துவர் லரபீ ஒருவர். பொஸ்டன் மரதன் ஓட்டக்காரர் சிலரின் குருதியைப் பரிசோதித்து அவர் 1902ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரை, ஓட்டத்தின் பின் வெண்குழியங்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்திருந்ததைக் காட்டிற்று. தொற்றுநோயின்போது காணப்படும் உயர்வை அது ஒத்திருந்தது. உடல் போருக்கு எழுந்தது போன்ற இந்நிலை நன்மையா, தீமையா என்பது அன்று தெளிவாகவில்லை.

அடுத்து வந்த சான்றுகள் அச்சம் தருவனவாயிருந்தன. 1918ஆம் ஆண்டிலே, ஆண்பிள்ளைகள் பாடசாலை ஒன்றிலே நியூமோனியா கண்டவர்கள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்களே எனவும், சாதாரணச் சளி கடும்போட்டியின் பின்னரே முற்றியது எனவும் கௌல்ஸ் என்பவர் எழுதினார். 1940களின் பிற்பகுதியிலே இங்கிலாந்தில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, றிச்சி ரசல் என்னும் நரம்பியல் மருத்துவர் நோயாளரின் நாளாந்த நடவடிக்கைகளை விசாரித்தறிந்தார். நோயின் முதற்குறிகள் தோன்றிய பின்னரும் ஓய்வின்றிக் கடுமையாக உழைத்தவர்களிடத்தே முடக்கம் கூடுதலாயிருந்தது. படுக்கையிற் கிடந்தோர்க்கு அது குறைவாயிருந்தது. நோய் உடலிற் புகுந்தபின் உழைத்தலும், நோயற்ற உடலோடு உழைத்தலும் வேறுவேறானவை என்பது இவ்வாய்வின் பெரும்பேறாகும்.

உமிழ்நீரும் திறந்த சாளரமும்

1980களிலே ஆய்வின் களம் குருதியிலிருந்து உமிழ்நீருக்கும் பரந்தது. மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சளிச்சவ்விலே காவல் நிற்கும் ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி, பனிச்சறுக்கு வீரரின் உமிழ்நீரிலே போட்டியின் பின் குறைந்திருந்ததைத் தொமாசி குழுவினர் 1982ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். 1983ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் பீற்றர்ஸ், பேற்மன் ஆகியோர் கேப் ரவுனில் நடைபெற்ற 56 கிலோமீற்றர் ஓட்டத்தை ஆராய்ந்து, ஓடியோருள் 33.3 சதவீதத்தினருக்கும், அவர்களோடு வாழ்ந்து ஓடாதிருந்தோருள் 15.3 சதவீதத்தினருக்கும் சுவாச நோய்க்குறிகள் தோன்றின என அறிவித்தனர். 1987ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் மரதனை ஆராய்ந்த நீமன் குழுவினர், ஓடியோருள் 12.9 சதவீதத்தினர் அடுத்த வாரத்தில் நோயுற்றதாகக் கூறினர் என்பதையும், ஓட ஆயத்தமாயிருந்து ஓடாதவருள் அது 2.2 சதவீதமே என்பதையும் 1990ஆம் ஆண்டிலே வெளியிட்டனர்.

இவற்றின் அடிப்படையிலே இரு கருத்துகள் உருவாயின. அளவான உழைப்பு நோயாபத்தைக் குறைக்க, மிகையான உழைப்பு அதனைக் கூட்டும் என்பது நீமனின் கருத்து. கடும் உழைப்பின் பின்னர்ச் சில மணிநேரம் உடலின் காவல் தளர்ந்து, நோய்க்கிருமி நுழைதற்கு ஒரு சாளரம் திறந்திருக்கும் என்பது கொப்பன்ஹேகன் ஆய்வாளர் பெடர்சன் முதலியோரின் கருத்து. ஓடும்போது அதிரீனலின் முதலிய ஓமோன்கள் வெண்குழியங்களைச் சுற்றோட்டத்துக்கு அழைக்கின்றன. ஓட்டம் நின்றபின், சிறப்பாக நிணநீர்க் குழியங்கள், குருதியிலே முன்னிருந்த அளவுக்கும் கீழே இறங்குகின்றன. அச்சாளரம் மூடுவதற்கு முன்னரே மீண்டும் உழைத்தால், தளர்ச்சியின்மேல் தளர்ச்சி ஏறும் என அஞ்சப்பட்டது. மீளுழைப்பு என்னும் பொருள் ஆய்வின் நடுவிடத்துக்கு வந்தது இவ்வாறேயாகும்.

உதைபந்தாட்டத்தின் தனியியல்பு

மரதன் ஓட்டம் ஒரே சீரானது. உதைபந்தாட்டம் அவ்வாறானதன்று. நடை, மெல்லோட்டம், விரைவோட்டம், திடீர்த் திருப்பம், பாய்ச்சல், மோதல் என அது விட்டுவிட்டு நிகழ்வது. இங்கிலாந்தின் முதற்பிரிவுக் கழகமொன்றின் வீரரை அவதானித்த ரைலி, தோமஸ் ஆகியோர் 1976ஆம் ஆண்டிலே, ஒருவர் ஓர் ஆட்டத்திலே சராசரியாக 8.7 கிலோமீற்றர் தூரம் அசைகின்றார் எனக் கணித்தனர். பிற்கால உயர்நிலை ஆட்டங்களிலே இது 10 கிலோமீற்றரைக் கடந்தது. இத்தூரத்தினுள் விரைவோட்டத்தின் பங்கு சிறிதாயினும், உடலைப் பெரிதும் வருத்துவது அதுவே.

இவ்வியல்பைக் கருதியே, ஆட்டத்தின் ஓட்டவகைகளை அதே ஒழுங்கில் ஆய்வுகூடத்திலே 90 நிமிடம் நிகழ்த்தும் முறைகள் வகுக்கப்பட்டன. ஒருமுறை நிகழ்த்தியும், குறித்த இடைவெளியின் பின் மீண்டும் நிகழ்த்தியும், ஆட்டக்காரரின் குருதியும் உமிழ்நீரும் ஆராயப்பட்டன. முடிவுகள் ஒரு திசைப்பட அமையவில்லை. ஐ.ஜி.ஏ. குறைந்ததாகச் சிலவும், மாறவில்லை எனச் சிலவும், கூடியதாகச் சிலவும் கூறின. உழைப்பின்போது உமிழ்நீரின் அளவே குறைவதால், செறிவை அளப்பதா, சுரக்கும் வீதத்தை அளப்பதா என்பதனாலும் விடை மாறுபட்டது. எனினும் ஒற்றை ஆட்டத்தை விட்டுத் தொடராட்டங்களை நோக்கியபோது ஓரளவு தெளிவு பிறந்தது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கழகமொன்று ஒரு மாதத்திலே ஏழு ஆட்டங்களை ஆடிய குளிர்காலப் பருவத்தை ஆராய்ந்த மோகன்ஸ் குழுவினர், ஆட்டங்கள் நெருங்கிவந்த நாள்களிலே வீரரின் உமிழ்நீர் ஐ.ஜி.ஏ. தற்காலிகமாகத் தாழ்ந்ததை 2014ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். தாழ்ச்சி நிலையானதன்று என்பதும் அவ்வாய்வின் பகுதியே.

மறுபரிசீலனை

2000ஆம் ஆண்டின் பின்னர்ப் பழைய முடிவுகள் பல ஐயுறப்பட்டன. 2007ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்விலே, நோய்க்குறி கூறப்பட்ட 37 சந்தர்ப்பங்களுள் 11இல் மட்டுமே கிருமி காணப்பட்டது. தொண்டைக் கரகரப்பு யாவும் தொற்றல்ல. வறண்ட காற்றும் ஒவ்வாமையும் புழுதியும் அதற்குக் காரணமாகலாம். 2008ஆம் ஆண்டிலே எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வு, உழைப்பின்பின் குருதியிலிருந்து மறைந்த ரீ-குழியங்கள் அழியவில்லை என்றும், நுரையீரல், குடற்சுவர் முதலிய இழையங்களுக்குச் சென்றிருந்தன என்றும் காட்டிற்று. காவலர் தொகை குறைந்தது என முன்னர் எண்ணப்பட்டது, காவலர் கிருமி நுழையத்தக்க வாயில்களுக்கு அனுப்பப்பட்ட நிலையாகவும் இருக்கலாம். 2018ஆம் ஆண்டிலே பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்பெல், ரேணர் ஆகியோர் இவ்வாதாரங்களைத் தொகுத்து, ஒருமுறை கடுமையாக உழைத்தல் நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் என்ற கொள்கை நிலைநிறுத்தப்படவில்லை என வாதிட்டனர். மறுதரப்பினர் உடன்படவில்லை. 2020ஆம் ஆண்டிலே இருதரப்பினரும் ஒரே கட்டுரையிலே தத்தம் நிலைப்பாடுகளை முன்வைத்தனர்.

இவ்விவாதத்திலே இருதரப்பும் உடன்படும் ஓரிடம் உண்டு. வீரரை நோய்க்காளாக்குவது ஓட்டம் மட்டுமன்று. உறக்கக்குறைவு, உணவுக்குறைவு, மனவழுத்தம், பயணம், பலரோடு நெருங்கியிருத்தல் ஆகியன அதனோடு சேர்கின்றன. தடிமன் வைரசை மூக்கிலிட்டு 164 பேரை அவதானித்து 2015ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றிலே, ஏழு மணிநேரத்துக்கு மேல் உறங்கியோரைக் காட்டிலும் ஆறு மணிநேரத்துக்குக் குறைவாக உறங்கியோர் நோயுறும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் கூடியதாயிருந்தது. நீண்ட உழைப்பின்போது மாப்பொருள் உட்கொள்ளுதல், கோட்டிசோல் முதலிய ஓமோன்களின் உயர்வைத் தணிக்கும் என்பதும் பல ஆய்வுகளின் முடிபாகும்.

கரையோர ஆட்டக்காரர்

இம்முடிபுகளை ஐரோப்பியத் தொழில்முறை வீரருக்கு மட்டும் உரியவையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வீரருக்கு ஆட்டமே தொழில். ஆடாத நேரம் ஓய்வு. புத்தளக் கரையோரத்தில் இரவிலே கடலுக்குச் செல்லும் இளைஞன் மாலையிலே ஆடுவானாயின், அவனுடைய மீளுழைப்பைக் கணக்கிடுபவர் ஆட்டத்தை மட்டும் எண்ணலாகாது. வலையும் தண்டும் உப்பு மூட்டையும் அவன் உடலுக்கு ஆட்டங்களே. இரவுக் கடலிலே அவன் இழக்கும் உறக்கம், குளிர்காலப் பருவத்தின் ஏழு ஆட்டங்களைக் காட்டிலும் பெருஞ்சுமையாதல் கூடும். வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த காற்றிலே வியர்வையால் இழக்கப்படும் நீரும் இக்கணக்கிற் சேரும். குறுகிய நாள்களுள் பல ஆட்டங்களை அடுக்கும் சுற்றுப்போட்டிகள் இச்சுமையை மேலும் கூட்டவல்லன.

நோன்பு மாதம் தனித்து நோக்கத்தக்கது. நோன்பு நோற்கும் உதைபந்தாட்ட வீரரைக் குறித்து வட ஆபிரிக்க நாடுகளிலே நடத்தப்பட்ட ஆய்வுகள் ஒரே முடிபைத் தரவில்லை. உணவும் உறக்கமும் நேரம் மாறினும் அளவு குன்றாது பேணப்படின் பெருங்கேடு இல்லை என்ற கருத்து அவற்றிலே வலுப்பெற்றுள்ளது. பயிற்சியின் நேரத்தையும் கடுமையையும் அதற்கேற்ப மாற்றுதல் பயிற்றுநரின் பொறுப்பாகும்.

ஒரு செய்தியில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை. காய்ச்சலோடு ஆடலாகாது. வைரசுத் தொற்றின்போது கடுமையாக உழைத்தல் இதயத் தசையின் அழற்சி காரணமாக உயிராபத்தை விளைவிக்கக்கூடும். சுரப்பிக் காய்ச்சலிலும் மலேரியாவிலும் போல மண்ணீரல் பெருத்திருக்கும் வேளையிலே வயிற்றில் விழும் அடி அதனைக் கிழித்துவிடலாம். சுரப்பிக் காய்ச்சல் கண்ட வீரர் குறைந்தது மூன்று வாரமேனும் மோதலாட்டங்களைத் தவிர்க்கவேண்டும் என்பது மருத்துவர் விதி. வியர்த்தாற் காய்ச்சல் இறங்கும் என்று கருதிக் களத்திலிறங்கும் வழக்கத்துக்கு, றிச்சி ரசலின் நோயாளர் வரலாறு ஒன்றே போதிய மறுப்பாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மக்களிடையே வழங்கும் இரு கருத்துகளும் பகுதியளவில் உண்மையானவை என்பது பெறப்படும். ஒழுங்காக ஆடி, உண்டு, உறங்கும் உடலுக்கு ஆட்டம் காவலே. ஆட்டங்களை அடுக்கி, இரவைக் கடலிலே கழித்து, அரைவயிற்றோடு மீண்டும் களமிறங்கும் உடலுக்கு அதே ஆட்டம் சுமையாகின்றது. 1934ஆம் ஆண்டிலே நோய் கண்டும் பிழைத்தோர்க்கும் மாண்டோர்க்கும் இடையே உணவு நின்றது. பேர்சிவல் கண்ட மூழ்குவோர்க்கும் கடலடிக்கும் இடையே ஐவரின் முறை நின்றது. கரையோரத்தின் கழகங்களும் பாடசாலைகளும் போட்டி அட்டவணையை வகுக்கும்போது, ஆட்டநாள்களைக் குறிப்பதோடு ஓய்வு நாள்களையும் குறித்தல் வேண்டும். நோயுற்ற வீரரை இழிவு கருதாது ஒதுங்கியிருக்கச் செய்தலும் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முன்னோர் தோணியிலே கைக்கொண்ட ஒழுங்கு களத்திலும் கைக்கொள்ளப்படின் அதுவே போதுமானதாகும்.